கரட்டுப்பட்டியின் இருபத்து மூன்றாவது மோட்டார்

புதுக்கோட்டை மாவட்டம் இன்று ஓரளவுக்கு விழித்திருக்கிறது என்றால் அதற்கு ஆத்மநாதனும் ஒரு காரணம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் இந்த மாவட்டத்தை விழிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். அது திரும்பத் திரும்பத் தூங்கிவிடுகிறது என்றால் குற்றம் அவருடையதல்ல. சொல்லப்போனால் அது அப்படித் தூங்கிக்கொண்டிருந்ததால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பதினாறு வயதில் எழுத்தறிவுக் கலைக்குழுவில் டோலக் அடிக்கப் போனவர், அப்படியே விழிப்புணர்வுத் துறையில் தங்கிவிட்டார். படித்தது பி.ஏ. வரலாறு. பார்த்த வேலை எல்லாம் அந்தந்த வருடத்து நோய். எய்ட்ஸ் விழிப்புணர்வில் இருந்தபோது அவருக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் பெண் வீட்டில் போய், "பையன் இப்ப எய்ட்ஸ்ல இருக்கான்" என்று பெருமையாகச் சொல்ல, கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. பெண்ணுக்கு விளக்கம் புரிந்தது. பெண்ணின் தாய்மாமனுக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு மழைநீர்த் தொட்டி, கழிப்பறை, டெங்கு, ரொக்கமில்லாப் பரிவர்த்தனை. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. திட்டத்தின் பெயர்தான் தெரியும். "டெங்கு வந்துட்டுப் போனாரு" என்பார்கள், பயப்படாமல். கழிப்பறைக் காலத்தில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: ஏப்ரல் முதல் தேதி பிறக்கும், மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாகும். நடுவில் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த திட்டம் வரும்வரை ஆத்மநாதன் மட்டும் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக வந்தது 'திறன்மிகு பம்புசெட் இயக்கம்'. விவசாயியிடம் இருக்கும் பழைய மோட்டாரை வாங்கிக்கொண்டு, குறைந்த மின்சாரத்தில் அதே தண்ணீரை இறைக்கும் ஐந்து நட்சத்திர மோட்டாரைக் கொடுப்பார்கள். இதற்காக ஒரு தொண்டு நிறுவனம் ஆத்மநாதனை 'எரிசக்தித் திறன் களத் தூதுவர்' ஆக்கியது. ஐ.நா. சபைக்கு அடுத்தபடியாக அன்னவாசல் பஸ்ஸில் ஒரு தூதுவர் நின்றுகொண்டு பயணம் செய்தது அப்போதுதான். ஊர்க்காரர்கள் அவருக்கு 'அஞ்சு ஸ்டாரு' என்று பெயர் வைத்தார்கள். டெங்குவுக்கு இது பதவி உயர்வு.

நிபந்தனை ஒன்றுதான். தூதுவர் ஒருவர் ஒரு கிராமத்தை முழுசாக மாற்ற வேண்டும். அந்த ஊரில் உள்ள அத்தனை விவசாய மோட்டாரும் புதுசாகிவிட்டால், தூதுவருக்கு மூன்று வருட நீட்டிப்பு. ஒன்று குறைந்தாலும் அந்தக் கிராமம் பூஜ்யம், தூதுவரும் அதேதான். ஆத்மநாதனுக்கு வருகிற ஆனியில் ஐம்பது முடிகிறது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை எந்தத் திட்டமும் புதிதாக எடுப்பதில்லை; அந்த வயதுக்கு மேல் மனிதனால் பிறரை விழிக்க வைக்க முடியாது என்று எங்கோ ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். மகள் கார்த்திகா நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடம். மூன்று வருட நீட்டிப்பு கிடைத்தால் அவள் வெள்ளை உடுப்புப் போட்டுவிடுவாள். கிடைக்காவிட்டால் அவர் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

அவருக்கு ஒதுக்கிய ஊர் கரட்டுப்பட்டி. ஒரு பாறைக் கரடு, அதன் அடியில் வீடுகள், வீடுகளுக்கு மேற்கே காடு என்கிற விளைநிலம். மொத்தம் இருபத்து மூன்று மோட்டார்.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பது நாடறிந்தது. இலவசமாக வருவதைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள் என்று ஒரு மனிதன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவதைக் கரட்டுப்பட்டி முதலில் ஒரு பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொண்டது. கொள்கை விளக்கக் கையேட்டின் அட்டையில் ஒரு விவசாயி புது மோட்டாரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். அவர் தலைப்பாகையைப் பார்த்தாலே ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வர வேண்டிய ஆள் என்று தெரியும். "இவரு யாரு, ஒங்க பெரியப்பாவா?" என்று கேட்டார்கள். புது மோட்டாருக்குப் பின்னாலேயே மீட்டர் வரும், மீட்டருக்குப் பின்னாலேயே பில் வரும் என்றும் பயந்தார்கள். ஆத்மநாதன் சோர்ந்துவிடவில்லை. காதுகுத்து, சடங்கு, கருமாதி என்று ஒன்று விடாமல் போய் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு மோட்டார் மாறியது. எல்லாம் போர்க்குழாய்க்குள் இறங்கி, தண்ணீருக்கடியில் உட்கார்ந்து, மூச்சுக் காட்டாமல் இறைக்கிற மோட்டார்கள்.

மிச்சம் நல்லதம்பி.

நல்லதம்பியிடம் இருந்தது கம்ப்ரசர். பெல்ட் போட்ட பெரிய மோட்டார் ஒன்று சுழன்று, போருக்குள் காற்றை அடிக்கும். அந்தக் காற்று தண்ணீரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று குடம் சத்தம் வரும். கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் எரிசக்தியின் முதல் எதிரி என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

மாசி பிறந்ததும் ஆத்மநாதன் கையேட்டை எடுத்துக்கொண்டு நல்லதம்பி காட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரம் வாதாடத் தயாராகப் போனவரிடம் நல்லதம்பி ஒரே நிமிடத்தில் சம்மதித்தார்.

"எனக்கு என்னங்க, சார். குடுத்தா வாங்கிக்கிறேன். இந்தச் சனியனுக்குப் பெல்ட் மாத்தியே எனக்கு முதுகு ஒடஞ்சுபோச்சு."

"அப்ப கையெழுத்துப் போடுங்கண்ணே."

"ஊர்ல கேட்டுட்டு வாங்க."

"ஒங்க மோட்டாருக்கு ஊரு எதுக்குண்ணே?"

"அது என் மோட்டாரு இல்லைங்க. மோட்டாரு என்னுது, சத்தம் ஊரோடது."

ஊர் என்றால் ராக்கன்தான். அறுபது தாண்டியவர், காட்டில் நிலக்கடலை போடுகிறவர், பேசினால் மறுபேச்சு இருக்காது. பக்கத்துக் காட்டுக் கத்தரிக்காய்க்காரர் செம்மல் உடன் நின்றார். ராக்கன் ஆத்மநாதனை உட்காரச் சொல்லி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தம்பி, வீட்டுக்குள்ள லைட்டு எப்பவும் எரியும். காட்டு மோட்டாருக்கு வேணுங்கிற மும்முனை கரண்டு எப்ப வரும், எப்ப போவும்னு எவனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கு. கரண்டு வந்தா மோட்டாரு அதுவா ஓடும். ஆனா மடை அதுவா மாறுமா? ஆளு போயித்தான் மாத்தணும். இல்லாட்டி ஒரே பாத்தியில தண்ணி நின்னு செடி அழுகிப்போவும், மிச்சம் பக்கத்துக் காட்டுல ஏறும்."

"சரிங்க."

"முன்னாடி எல்லாம் எவன் மோட்டாரு ஓடுனாலும் ஊருக்குக் கேக்கும். மம்பட்டிய எடுத்துட்டு ஓடுவோம். நீங்க வந்து இருபத்திரண்டு பேரையும் ஊமையாக்கிட்டீங்க. இருக்கிறது ஒத்தச் சத்தம். அதையும் புடுங்கிட்டுப் போனா எங்களுக்கு யாரு சொல்றது?"

இருபத்திரண்டு பேர் புது மோட்டாருக்குச் சம்மதித்தது தன் பேச்சுத் திறமையால் என்று இதுவரை நினைத்திருந்த ஆத்மநாதனுக்கு அப்போதுதான் உண்மை விளங்கியது. நல்லதம்பி கம்ப்ரசர் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அத்தனை பேரும் சம்மதித்திருக்கிறார்கள். அவருடைய ஒவ்வொரு வெற்றியும் கடைசித் தோல்விக்கு ஒரு செங்கல் எடுத்து வைத்திருக்கிறது.

அவர் மறுநாள் மும்முனை வரும் நேர அட்டவணையைப் பிளாஸ்டிக் உறை போட்டு இருபத்து மூன்று பிரதி கொண்டுவந்தார். ராக்கன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கரண்டுக்கும் ஒரு காப்பி குடுத்துருக்கீங்களா?"

அடுத்து, கரண்ட் வந்ததும் போனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு கருவியைக் காட்டினார். கரட்டுப்பட்டியில் போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் கரட்டின் மேல் ஏற வேண்டும். செம்மல் சோதித்துப் பார்க்க ஏறினார். உச்சிக்குப் போனதும், கரண்ட் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. அதற்குமுன்பே கம்ப்ரசர் சத்தம் வந்திருந்தது. "மேல ஏறுனா சத்தம் இன்னும் தெளிவாக் கேக்குது சார்" என்று இறங்கி வந்து சொன்னார்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் போய்விட்டது. ஆத்மநாதன் சாப்பிடும்போது கையில் சோற்றை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பதை மனைவி சுகுணா கவனித்தாள்.

"ஊரையெல்லாம் முழிக்க வச்சீங்க. இப்ப நம்ம வீட்டுலதான் எவருக்கும் தூக்கம் இல்ல" என்றாள்.

"ஒத்த மோட்டாரு சுகுணா."

"அந்த ஒத்த மோட்டாரையும் வாங்க வழியில்லாமத்தானே முப்பத்து மூணு வருசம் மைக்குப் புடிச்சீங்க."

கார்த்திகா விடுதியிலிருந்து போன் செய்தபோது, எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று சொன்னார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதை அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வழி சொன்னது நல்லதம்பியின் மனைவி அழகம்மாள். மோர் கொண்டுவந்து கொடுத்தவள், மனிதர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏன் தம்பி, ஊருக்கு வேண்டியது தண்ணி இல்ல, சத்தம்தானே? புதுச போருக்குள்ள எறக்குங்க. பழசு அது பாட்டுக்குக் கொட்டகையில சும்மா ஓடட்டும். தண்ணிக்கு ஒன்னு, சத்தத்துக்கு ஒன்னு. கரண்டு சும்மாதானே வருது."

எரிசக்தித் திறன் களத் தூதுவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். எதிரியை அழிக்காமல், அதற்கு வேலையும் இல்லாமல், நாள் முழுக்கச் சும்மா ஓட விடுவது. கையேட்டில் இப்படி ஒரு பாவத்துக்குப் பக்கமே ஒதுக்கவில்லை. இப்படியும் ஒருவன் செய்வான் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"பழச ஒப்படைக்கணும்க்கா. அதுதான் சட்டம்" என்றார், பலவீனமாக.

"பழசுன்னா இதேதான் வேணுமா?"

மறுநாள் புதுக்கோட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து செத்துப்போன கம்ப்ரசர் ஒன்று குட்டியானை வண்டியில் ஏறிக் கரட்டுப்பட்டிக்கு வந்து, அங்கே அரை மணி நேரம் நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு, அதே வண்டியில் திட்டக் கிடங்குக்குப் போனது. 'பழைய கம்ப்ரசர் ஒப்படைக்கப்பட்டது' என்று ஆத்மநாதன் படிவத்தில் எழுதினார். அது பழையதுதான், கம்ப்ரசரும்தான். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய்யில் ஒரு பொய்யான சொல்கூட இல்லை. நல்லதம்பியின் கம்ப்ரசர் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குக் குடிபோனது. நல்லதம்பி காட்டில் இப்போது முன்னைவிட எவ்வளவு மின்சாரம் அதிகமாகச் செலவாகிறது என்று ஆத்மநாதன் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போடத் தெரிந்தவர் என்பதால்தான்.

மார்ச் முப்பத்தொன்று காலை, ஆய்வுக்குத் தேவிப்ரியா வந்தார். இருபத்தேழு வயது, எரிசக்தித் தணிக்கையாளர், கையில் படிவம், அவரும் ஒப்பந்த ஊழியர்தான். அன்றைய அட்டவணைப்படி மும்முனை மாலை நான்கு மணிக்குத்தான். இருந்தாலும் கரட்டுப்பட்டிக் கரண்டை ஆத்மநாதனுக்குத் தெரியும். அட்டவணையை நம்பி, அந்த அம்மாள் நிற்கும்போது வைக்கோல் போர் உறுமினால் என்ன செய்வது? அதனால் தேவிப்ரியா வருவதற்கு முன்பே, யாரிடமும் சொல்லாமல், கொட்டகைக்குள் போய்க் கம்ப்ரசரின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு நாள்தானே.

தேவிப்ரியா ஒவ்வொரு காடாகப் போய்ப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, களத்தில் போட்ட பந்தலில் உட்கார்ந்து, 'மாற்றப்பட்டவை' என்ற கட்டத்தில் 23 என்று எழுதினார். அழகான எழுத்து. ஆத்மநாதன் அந்த மூன்றின் வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூட்டத்தை ஆரம்பிங்க சார். முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுடறேன். மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு அளவு எடுக்கறது நாலு மணிக்கு மேலதானே?"

"ஆமாங்க மேடம். நாலுக்குத்தான் வரும்."

விவசாயிகள் அத்தனை பேரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பந்தலுக்குள் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்மநாதன் மைக்கைப் பிடித்தார். சேமிக்கப்படும் ஒவ்வொரு யூனிட்டும் உற்பத்தி செய்யப்பட்ட யூனிட் என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். அப்போது செம்மல் எழுந்து நின்றார்.

"என் செருப்பு எங்கிட்டுப் போவுது?"

செருப்பு பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னும் ஏழெட்டுச் செருப்பு, வரிசையாக, கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்கள்போல. களம் பள்ளம், காடு மேடு. தண்ணீர் தார்ப்பாயின் ஓரத்தை நனைத்தது.

"ஏது தண்ணி?" என்றார் ஒருவர்.

"மோட்டாருத் தண்ணியா இருக்குமோ?"

"கரண்டு எங்கய்யா வந்துச்சு? கம்ப்ரசர் கேக்கலையே" என்றார் ராக்கன்.

உண்மைதான் என்று எல்லோரும் காதைக் கூராக்கினார்கள். சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் இது மோட்டார்த் தண்ணீர் இல்லை. இதற்குமேல் யோசிக்க இடமே இல்லை.

"அப்ப ரோட்டோரம் கூட்டுக்குடிநீர்க் குழாய் ஒடஞ்சிருக்கு" என்று முடிவு செய்து, மம்பட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பினார்கள். காடு மேற்கே இருந்தது. அங்கே ஆளில்லாத இருபத்து மூன்று மோட்டார்கள், ஆத்மநாதன் ஊருக்குக் கொடுத்தவை, ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் இறைத்துக்கொண்டிருந்தன. செம்மலின் கத்தரிக்குப் பாய்ந்த தண்ணீர் வரப்பைத் தாண்டி ராக்கன் காட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ராக்கன் காட்டில் முந்தாநாள் பிடுங்கிய கடலைச் செடி குவியல் குவியலாகக் கிடந்தது. நனைந்து கிடந்தால் கடலை கறுத்துப்போகும். அந்த மனிதருக்கு வருடத்துக்கு அது ஒன்றுதான்.

ஆத்மநாதன் மைக்கில் சொன்னார். "கரண்டு வந்துருச்சுங்க. மும்முனை வந்துருச்சு. காட்டுக்குப் போங்க."

ராக்கன் போகிற போக்கில் திரும்பினார். "நீங்க சும்மா இருங்க தம்பி. வந்தா கம்ப்ரசர் சொல்லும்."

"ஐயா, நான் சொல்றேங்க."

"நீங்க என்னைக்குத்தான் சொல்லல?"

முப்பத்து மூன்று வருடம் சொன்ன மனிதர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேவிப்ரியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படிவம் நனையாமல் தலைக்குமேல் பிடித்திருந்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆத்மநாதன் நினைத்திருந்தால் ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்கலாம். மேடத்தை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி, காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு ஓடியிருக்கலாம். கார்த்திகாவின் வெள்ளை உடுப்பு ஒரு கணம் அவர் கண்ணுக்குள் வந்து போனதைப் பார்த்தவர் யாருமில்லை. கிழக்கே மம்பட்டிகள் தூரம் போய்க்கொண்டிருந்தன.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்.

ஈரக் காலோடு ஃபியூஸ் கட்டையைத் தொடக்கூடாது என்பது கையேட்டின் நாற்பதாம் பக்கம். அதை ஊருக்கு நாற்பது தடவை படித்துக் காட்டியவர், கொட்டகையில் கிடந்த பலகை மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகச் செருகினார். மூன்றாவது கட்டை பொறி பறக்க உள்ளே போனது. ஸ்டார்ட்டர் 'டக்'கென்று விழுந்தது. பெல்ட் ஒரு தரம் வழுக்கி, பிறகு பிடித்தது.

கரட்டுப்பட்டி முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. கிழக்கே போன ஊர் அப்படியே நின்று, அப்படியே திரும்பி, மேற்கே ஓடிவந்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ராக்கன் முதலில் தன் குவியலுக்குப் போய் விழுந்து, செடியை அள்ளி அள்ளி வரப்பில் போட்டார். செம்மல் மடையை வெட்டினார். பாதியாவது தப்பிக்கும் என்று ஆத்மநாதனுக்குத் தூரத்திலிருந்து பார்க்கும்போது தோன்றியது.

சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தேவிப்ரியா கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். கம்ப்ரசரைப் பார்த்தார். அது தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லாமல், காற்றை வெறுமனே ஊதிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ கேட்டார். உதடு மட்டும் அசைந்தது. ஆத்மநாதன் காதில் கையை வைத்துக் குனிந்தார். தேவிப்ரியா மறுபடி கேட்டார். சத்தத்தில் ஒரு சொல்லும் விழவில்லை. இருந்தாலும் ஆத்மநாதன் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை. படிவத்தைக் கம்ப்ரசர் மேலேயே வைத்து எழுதப் பார்த்தார், எழுத்து ஆடியது. எடுத்துச் சுவரில் வைத்து, மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு போட்டார். இது அவ்வளவு அழகாக இல்லை.

தேவிப்ரியாவின் கார் போன பிறகும் ஆத்மநாதன் அங்கேயே நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். செல்லுபடியாகும் நாள் மார்ச் 31. நாள் இன்னும் முடியவில்லை. கடமை என்பது கடமை. அவர் வரப்பு வழியாக நடந்து, காட்டின் நடுவில் கொஞ்சம் மேடான இடத்தில் ஏறி நின்று, மடை திருப்பிக்கொண்டிருந்த இருபத்து மூன்று பேரையும் பார்த்து, தொண்டை கிழிய, பாத்தி நிறைந்தவர்கள் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்றும், அது அவர்களுக்கும் நாட்டுக்கும் நல்லது என்றும், இரண்டு தடவை முழுசாகச் சொல்லி முடித்தார்.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.